ஓசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

3 ஜூன் 2025, செவ்வாய்

காலை ஐந்தேகாலுக்கே போன். பதினேழாம் நம்பர் பஸ் சூளகிரியில் பஞ்சர். ஆறு மணி ஷிஃப்டுக்கு வர வேண்டிய நாற்பத்தாறு பேர் ரோட்டில் நிற்கிறார்கள். இன்னொரு பஸ்ஸைத் திருப்பிவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஹரிணிக்குத் தலை பின்னி ஸ்கூல் வேனில் ஏற்றி — எல்லாம் வழக்கம்தான். எங்கள் கம்பெனியில் நாற்பத்திரண்டு பஸ். ஓடினால் டிரைவருக்குப் பெயர், ஓடாவிட்டால் ரேவதிக்குத் திட்டு.

பதினோரு மணிக்கு ரக்பி லீக் ஆபீஸிலிருந்து மெயில். மூன்று தடவை படித்தேன். இப்போது இருக்கிற ஆறு அணிகளோடு இந்த வருஷம் புதிதாக இரண்டு சேர்க்கிறார்கள். ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்றுக்குப் பதினொரு ஊர்கள் கேட்டதில் இப்போது இரண்டுதான் நிற்கின்றன. மைசூர், ஓசூர்.

ஓசூருக்கு அணி கேட்கிற கமிட்டியின் தலைவர் ராமப்பன் ஐயா போனில் கத்தியதில் காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ரோஜாத் தோட்டக்காரர். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். சந்தோஷம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். நான் செயலாளர். எழுத்து வேலைக்கு ஆள் வேண்டும், உன் வீட்டுக்காரர்தான் ரக்பி ஆடுகிறாரே என்று என் தலையில் கட்டினார்கள். நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். எனக்கு ரக்பி முக்கியமில்லை. ஹரீஷ் வீட்டுக்கு வர வேண்டும். நாலு வருஷமாகச் சென்னை அணியில் இருக்கிறார். "ரெண்டே வருசம் ரேவதி" என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். வருஷத்தில் எட்டு மாதம் அங்கே. ஹரிணிக்கு ஆறு வயது, அப்பா என்றால் போனில் தெரிகிற முகம். புது அணி வந்தால் அது பழைய அணிகளிலிருந்து ஆள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பழைய அணியும் எட்டுப் பேரை மட்டும் தரமாட்டோம் என்று நிறுத்தி வைக்கலாம். ஹரீஷுக்கு முப்பத்து மூன்று வயது, இடது முழங்காலில் இரண்டு ஆபரேஷன். அந்த எட்டில் அவர் எங்கே வரப்போகிறார்? அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே ஓசூருக்கு அணி வந்தால் ஹரீஷ் வீட்டுக்கு வருவார். மைசூருக்குப் போனால் — வேண்டாம், எழுதவில்லை.

ஒரு நிபந்தனை. ஜூலை 13, ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஓசூரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஒரு காட்சி ஆட்டம். லீக் ஆட்கள் வந்து தலையை எண்ணுவார்கள். நாலாயிரம் பேர் வேண்டும்.


4 ஜூன்

தூக்கத்தில் தலை எண்ணினேன். மூவாயிரத்து அறுநூறைத் தாண்டவில்லை.


7 ஜூன், சனி. காவேரிப்பட்டினம்

வழக்கம்போல இரண்டரை மணிக்கு ஊர் பஸ். சனிக்கிழமைதோறும் கம்பெனி ஒன்பது பஸ்ஸை கிருஷ்ணகிரிக்கு அனுப்பும். நானும் ஹரிணியும் கடைசி பஸ்ஸில், கிருஷ்ணகிரியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து மாமியார் வீட்டுக்கு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக இதேதான்.

அத்தைக்கு லீக், நிபந்தனை எல்லாம் சொன்னேன். மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"நாலாயிரம் பேரு எதுக்கு வரணும்? பாக்கறதுக்கா?"

"ஆமாங்கத்தை."

"கபடிதான அது? கூட ஒரு பந்து சேத்தி."

சரோஜம்மாளுக்கு எல்லா விளையாட்டும் கபடியில் அடங்கும். மகன் கபடியிலிருந்து அங்கே போனவர்தான், அதனால் முழுத் தப்பென்றும் சொல்ல முடியாது. ஆறு தடவை பிடிபட்டால் பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விளக்கினேன். "ஆறு தடவ புடிக்க வுடறானா? கபடில ஒரு தடவயோட சரி" என்றார்.


10 ஜூன், செவ்வாய்

ஷிஃப்ட் விடுகிற நேரம், மூன்று கம்பெனிகளின் கேட்டில் நின்றோம். நானும், டைம் ஆபீஸில் இருக்கிற என் தோழி ஜெய்னபும், கமிட்டி ஆட்கள் ஏழு பேரும். நோட்டில் 'ஆட்டத்துக்கு வருவேன்' என்று தலைப்பு. ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து!

ராமப்பன் ஐயா நோட்டுகளைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "மைசூருகாரன் செத்தான்" என்றார். வீட்டுக்கு வரும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஹரீஷுக்குப் போனில் சொன்னேன். "அடேங்கப்பா" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க ஓட்டினேன்.


12 ஜூன், வியாழன்

இன்று டிரிப் ஷீட் எழுத உட்கார்ந்தும் வேலை ஓடவில்லை. காரணம் ஜெய்னப்.

கேன்டீனில் எதிரே உட்கார்ந்து தயிரைக் கலக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "ஏன் ரேவதி, நீ ஞாயித்துக்கெழம ஓசூர்ல இருந்திருக்கியா?"

"ஏன்?"

"சும்மா கேட்டன். எங்க அத்தா கடையில ஞாயித்துக்கெழம யாவாரம் பாதிதான். ஒங்க ஆளுங்கதான் சனிக்கெழமயே ஓடிப் போயிர்றீங்களே."

ஜெய்னப் ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா நசருல்லா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பழக்கடை வைத்திருக்கிறார். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிரசவத்துக்குக்கூட காவேரிப்பட்டினம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட நான் ஓசூரில் பார்த்ததில்லை.

ஒன்பது பஸ்ஸையும் வாரா வாரம் நான்தானே அனுப்புகிறேன்? டிரிப் ஷீட்டில் கையெழுத்து போடுவது நான்தானே? எப்படித் தோன்றாமல் போயிற்று?


13 ஜூன்

எங்கள் கம்பெனி ஒன்பது. பக்கத்துக் கம்பெனி பதினாலு. அதற்கு மேல் எண்ணவில்லை. பயமாக இருக்கிறது.


15 ஜூன், ஞாயிறு. ஓசூர்

இந்த வாரம் ஊருக்குப் போகவில்லை. அத்தையிடம் ஹரிணிக்குச் சளி என்று பொய் சொன்னேன். ஹரிணி பக்கத்தில் நின்றுகொண்டு "எனக்கு சளி இல்லியே" என்றாள்.

காலையில் இட்லி வாங்கப் போனால் எங்கள் தெரு மெஸ் பூட்டியிருக்கிறது. ஞாயிறு விடுமுறை என்று போர்டே மாட்டியிருக்கிறான். அந்த போர்டை நான் பார்த்ததே இல்லை. எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடு, ஆறில் பூட்டு. லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேன் மட்டும் செல்போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் காலி என்று சொல்ல முடியாது. கடைத்தெருவில் கூட்டம் இருந்தது. இந்தி பேசுகிறவர்கள், ஒடியா பேசுகிறவர்கள், குடும்பத்தோடு பெங்களூருக்குப் படம் பார்க்கக் கிளம்பியவர்கள். ஆனால் என் நோட்டில் கையெழுத்து போட்ட முகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனோம். ஆட்டம் நடக்கப்போகிற அதே நேரம். கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் பதினாலு பேர், கரும்புச்சாறு வண்டி ஒன்று, நாங்கள் இருவர். ஹரிணி படிக்கட்டில் மேலும் கீழும் ஓடினாள். அவள் கத்துவது எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

இன்னும் நாலு வாரம். என்ன செய்வேன்? யாரிடம் சொல்வேன்? ஒம்பதாயிரம் கையெழுத்துன்னு ஊரு பூரா தம்பட்டம் அடிச்சாச்சு. ஐயோ.


16 ஜூன், திங்கள்

அழுதுவிடாமல் ராமப்பன் ஐயாவிடம் சொன்னேன். அவர் உடனே எங்கள் எச்.ஆர். மேனேஜர் ஆனந்தராஜிடம் பேசிவிட்டார். இருவரும் ஒரே நடைப்பயிற்சி கோஷ்டி. மத்தியானம் ஆனந்தராஜ் சார் என்னைக் கூப்பிட்டார்.

"இதுக்காம்மா முகத்த இப்படி வச்சிருக்க? பதிமூணாம் தேதி வொர்க்கிங் டேன்னு போட்ருவோம். சனிக்கிழமை ஊர் பஸ் கேன்சல். எல்லாரும் யூனிஃபார்ம்ல நேரா கிரவுண்டுக்கு. பதிலுக்கு இன்னொரு நாள் லீவு, காம்ப்-ஆஃப். மத்த கம்பெனிக்கும் நான் பேசறேன். நாலாயிரம் என்ன, அஞ்சாயிரம் தர்றேன்."

வெட்கத்தோடு எழுதுகிறேன். நிம்மதியாக இருந்தது. இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.


18 ஜூன், புதன்

ஹரீஷிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"போன வருசம் ஒரு ஆட்டத்துக்கு இப்பிடித்தான் காலேஜ் பசங்கள வண்டில ஏத்திட்டு வந்து ஒக்கார வச்சாங்க. அத்தன பேரும் போனப் பாத்துட்டே இருந்தாங்க ரேவதி. நான் முட்டி பெசகி வுழுந்தன். ஒருத்தன்கூட நிமிந்து பாக்கல."

"இது ஒரே ஒரு நாளைக்குத்தாங்க."

"அப்புறம் உள்ளூர்ல ஏழு ஆட்டம் வருதே. ஒவ்வொரு ஞாயிறும் டூட்டி போடுவாரா ஒங்க சாரு? வர்ற ஆளு கொறஞ்சா ரெண்டு சீசன்ல டீமையே மூடிருவாங்க. நான் மறுபடி பொட்டியத் தூக்கிட்டு எங்க போறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் இங்கே தலை தலையாக எண்ணிச் சாகிறேன், அவர் அங்கே நியாயம் பேசுகிறார். வெடுக்கென்று வைத்துவிட்டேன்.

எனக்கு என்ன வேணும்? ஆளு வூட்டுக்கு வரணும். அவ்ளோதான். அது பெரிய தப்பா?


19 ஜூன்

அவர் சொன்னது சரி. அதனால்தான் கோபம்.


21 ஜூன், சனி. காவேரிப்பட்டினம்

இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நவீன்குமார். பெயின்ட் ஷாப் ஆபரேட்டர், கல்லாவிக்காரர், இருபத்தாறு வயது. சாயங்காலங்களில் எங்கள் உள்ளூர் ரக்பி பயிற்சிக்கும் வருகிறவர். ஓடினால் பிடிக்க முடியாது. அவரிடமே கேட்டேன், பதிமூன்றாம் தேதி ஆட்டத்துக்கு வருவீங்களா என்று.

"ஞாயித்துக்கெழமயா? அன்னிக்கி ஊருக்குப் போயிருவன்க்கா. மாங்கா சீசன் வேற."

"நோட்டுல கையெழுத்து போட்டீங்களே?"

"நீங்க நீட்னீங்க, போட்டன்." சிரித்தார். "கேட்டுல எது நீட்னாலும் போட்றதுதான்க்கா. வண்டிய வுட்ருவமோன்னு அவசரம்."

அவர் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் முன்னாலிருந்து பின்னால் வரை தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காவேரிப்பட்டினம், பர்கூர், நாகரசம்பட்டி, ஊத்தங்கரை. ஓசூரில் இருக்கிறவர்களைக் கேட்டால் எல்லாரும் வேறு எங்கோ இருக்கிறார்கள். நான் உள்பட.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எங்கள் ஒன்பது பஸ், பக்கத்துக் கம்பெனியின் பதினாலு, பின்னாலேயே அரசு பஸ்கள், நிற்க இடமில்லாமல் வந்து வந்து இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தன. டிபன் பாக்ஸ் பையோடு நூறு நூறாக இறங்கினார்கள். நான் ஓசூரில் தேடின கூட்டம் இங்கே டீ குடித்துக்கொண்டிருக்கிறது.

ஹரிணிக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் இருந்தே லீக்கின் பிரவீனா மேடத்துக்கு மெயில் எழுதினேன். புது அணிகளுக்கு ஊர் தேர்வு செய்கிற அதிகாரி அவர்தான். அந்த ஒன்பதாயிரம் கையெழுத்தை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். ஞாயிறன்று ஓசூரில் அவர்கள் இருக்க மாட்டார்கள், கிருஷ்ணகிரியில் ஆட்டத்தை வைத்தால் சொல்லாமலே வருவார்கள், அணியை அங்கே கொடுங்கள் என்று எழுதினேன். பன்னிரண்டு வாரத்துச் சனிக்கிழமை டிரிப் ஷீட்டை இணைத்தேன்.

கமிட்டியில் யாரிடமும் கேட்கவில்லை. அனுப்பின பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.


22 ஜூன், ஞாயிறு

பதில் இல்லை. அத்தை நாலு தடவை "என்ன ஆச்சி" என்று கேட்டார். ஒன்னும் ஆவலத்தை. ஒன்னும் ஆவல.


23 ஜூன், திங்கள்

பிரவீனா மேடம் போன் செய்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார், அதுவே பயமாக இருந்தது.

"ரேவதி, இந்த மாதிரி ஒரு மெயில் எனக்கு யாரும் அனுப்பினதில்ல. எல்லாரும் நம்பரைக் கூட்டித்தான் சொல்வாங்க. ஆனா போர்டு ஒத்துக்கிட்டது ஓசூர். ஊரை மாத்தணும்னா உங்க கமிட்டித் தலைவரே கையெழுத்து போட்டுக் கேக்கணும். ஜூலை ஒண்ணுக்குள்ள வரணும். இல்லன்னா நீங்க எழுதினது ஃபைல்ல இருக்கும், ஓசூரும் போயிடும்."

ஓசூரும் போயிடும். இதை நான்தான் செய்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஆனந்தராஜ் சார் ஐயாயிரம் தலை கொடுத்திருப்பார்.


24 ஜூன், செவ்வாய்

ராமப்பன் ஐயாவின் தோட்டத்துக்கே போனேன். ரோஜாவை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கன்னடத்துக்குப் போய்விட்டார். கோபம் வந்தால் கன்னடம் மட்டும்தான். வேலை செய்கிற பெண்கள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். திட்டு தீர்ந்து தமிழுக்கு வந்தபோது குரல் இறங்கியிருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"நாலு வருசம்மா. எங்க ஊருக்கு ஒன்னு வரணும்னு நாலு வருசம் அலஞ்சிருக்கேன். இங்க எல்லாரும் வர்றாங்க, வேல செய்யறாங்க, போறாங்க. இது எங்க ஊருன்னு சொல்றதுக்கு ஒருத்தன் இல்ல. ஒரு டீமு வந்தா சொல்லுவான்னு நெனச்சேன். நீ அதையும் ஒங்க மாமியா ஊருக்குத் தூக்கிட்டுப் போறியா?"

ஊரை மாற்றக் கேட்டு நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை அங்கே மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது என்னையே கேட்டுக்கொண்டேன். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் பதினைந்து நிமிஷம். ஹரீஷ் சொந்த வீட்டில் இருந்தே பயிற்சிக்குப் போகலாம். அது எனக்கு முன்பே தோன்றியதா, மெயில் அனுப்பின பிறகு தோன்றியதா? சத்தியமாகத் தெரியவில்லை.


26 ஜூன்

பதில் இல்லை. கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் யாரும் குட்மார்னிங்கூடப் போடவில்லை.


28 ஜூன், சனி

ஊருக்குக் கிளம்பும்போது ஜெய்னப் கேட்டைத் தாண்டி ஓடி வந்து கையில் ஒரு பை சப்போட்டா கொடுத்தாள். "அத்தா குடுத்தாரு. நான் வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்டி" என்றாள். நீ திறந்ததுதான்டி நல்லது என்று சொன்னேன். பாதி பொய்.


30 ஜூன், திங்கள்

மத்தியானம் ராமப்பன் ஐயாவின் டிரைவர் வந்து கவர் கொடுத்தார். உள்ளே என் கடிதம். அடியில் அவர் கையெழுத்து. மேலே பென்சிலில்:

'நேத்து நாலு மணிக்கு நம்ம கிரவுண்டுக்குப் போயி ஒக்காந்தேன். ஆறு மணி வரைக்கும் எண்ணினேன். பத்தொம்போது. அணிப் பேருல ஓசூரு முதல்ல வரணும். அது இல்லன்னா கையெழுத்து செல்லாது.'

பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு ஸ்கேன் எடுத்து அனுப்பினேன்.


6 ஜூலை, ஞாயிறு

மைசூரில் அவர்களுடைய காட்சி ஆட்டம் முடிந்தது. நாலாயிரத்து இருநூறாம். எங்கள் ஆட்டத்தைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றிவிட்டார்கள், அதற்கு இன்னும் ஒரு வாரம். மாங்காய் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஹரிணிக்கு முகத்தில் கட்டி, எனக்கு நெஞ்செரிச்சல்.


13 ஜூலை, ஞாயிறு. காவேரிப்பட்டினம்

கை வலிக்க வலிக்க எழுதப்போகிறேன்.

மூன்று மணிக்குக் கிருஷ்ணகிரி மைதானத்தில் நானூறு பேர் இருந்திருப்பார்கள். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றரைக்கு டிராக்டரில் வந்தார்கள். டூவீலரில் மூன்று பேராக வந்தார்கள். மாங்காய் மண்டியிலிருந்து அப்படியே வந்தவர்கள் பால் வடிந்த கையோடு வந்தார்கள். கம்பெனியில் யூனிஃபார்மில் மட்டும் பார்த்த முகங்கள், இங்கே வேட்டியும் குழந்தையுமாக. நவீன்குமார் கல்லாவியிலிருந்து ஒரு மினி லாரி நிறைய ஆளோடு வந்தார். என்னைப் பார்த்து, "அக்கா, நோட்டு எங்க? இப்ப போட்றன் கையெழுத்து" என்றார்.

ஐயாயிரத்து நூற்று எழுபது. பிரவீனா மேடம் இரண்டு தடவை எண்ணச் சொன்னார்.

ஆட்டம் புரிய அவர்களுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கபடி ஊர். ஒவ்வொரு பிடிக்கும் மைதானமே சேர்ந்து எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆறு என்றதும் ஹோ என்று கத்தல்.

ஹரீஷ்! சென்னை உடையில் இறங்கினதும் காவேரிப்பட்டினத்து ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான், மனிதருக்கு இருபது வயது ஆகிவிட்டது. முட்டியாவது ஒன்றாவது. மூன்று பேரை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டே கோட்டைத் தாண்டி விழுந்தார். பிறகு இன்னொரு தடவை. நாலு வருஷத்தில் அவர் இப்படி ஆடி நான் பார்த்ததில்லை. சென்னைக் கோச் எழுந்து நின்று கைதட்டினார். அத்தை பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாம் "எம் பையன், எம் பையன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராமப்பன் ஐயா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். மூன்று மொழியிலும் ஒன்றும் பேசவில்லை.


25 ஜூலை, வெள்ளி

வந்துவிட்டது. 'ஓசூர் கிருஷ்ணகிரி' என்பது அணியின் பெயர். உள்ளூர் மைதானம் கிருஷ்ணகிரி.

டிரிப் ஷீட்டில் எல்லாம் தப்புத் தப்பாக எழுதினேன். யாரும் திட்டவில்லை.


27 ஜூலை, ஞாயிறு. காவேரிப்பட்டினம்

பீரோவில் இரண்டு தட்டுகளை ஒழித்து வைத்தேன். அத்தை பார்த்துவிட்டு, "அவன் துணிக்கு ஒரு தட்டு போதும். மிச்சம் ஒனக்கு" என்றார். போனில் ஹரீஷ், "புது டீமு கோச்சு பேசினாரு. எட்டு பேரு லிஸ்ட்டு வந்தவுடனே மொத ஆளா ஒன்னயத்தான் எடுக்கறன்னாரு" என்றார். ஹரிணி காலண்டரில் நாட்களை அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.


20 ஆகஸ்ட், புதன்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன். ஹரீஷ்தான்.

"ரேவதி. எங்க டீமு நிறுத்தி வச்ச ஆளுங்க லிஸ்ட்டு வந்திருச்சி."

"யார் யாரு?"

"எட்டாவது நானு."

முதலில் எனக்கு உறைக்கவில்லை. நல்ல சேதி போல ஒரு நொடி இருந்தது. பிறகு அவரே சொன்னார். "எங்க கோச்சு அன்னிக்கி கிருஷ்ணகிரி ஆட்டத்தப் பாத்துட்டுத்தான் பேர சேத்தாராம். அது வரைக்கும் லிஸ்ட்லயே இல்லன்னாரு. இன்னும் ரெண்டு வருசம்."

ஊரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, அவரு ஆடிட்டாரு. கூப்பிட்டவங்கள அங்க கொண்டாந்து ஒக்கார வச்சது யாரு? நான்தான். ஓசூர்ல வெறுஞ்சுவத்துக்கு முன்னால ஆடியிருந்தா அவரு வீட்டுக்கு வந்திருப்பாரு. டீமே வந்திருக்காதுடி பைத்தியம். வந்திருக்காது. ரெண்டும் தெரியுது. ரெண்டும் தெரிஞ்சி என்ன பிரயோஜனம்?

அவரும் அழுகிறார் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் ஒரு பெருமையும் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் இவரை விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையை அவர் என்னிடம் மறைக்கப் பார்த்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.


21 ஆகஸ்ட்

ஹரிணி காலண்டரில் அடிப்பதை நிறுத்தவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை, அவளாகவே "அப்பா மேட்ச்சு" என்றாள்.


8 பிப்ரவரி 2026, ஞாயிறு. காவேரிப்பட்டினம்

இன்று சென்னை அணி கிருஷ்ணகிரிக்கு வந்தது.

நேற்று ஊர் பஸ்ஸில் பாதிப் பேர் ரோஜா நிற பனியன் போட்டிருந்தார்கள். நிறம் ராமப்பன் ஐயாவின் தேர்வு. டிரைவர்கூட போட்டிருந்தார். அணி இதுவரை ஆடின நாலில் மூன்று ஜெயித்திருக்கிறது.

என்னிடம் இரண்டு பாஸ் இருந்தது. ஒன்று கமிட்டியுடையது, மேடைப் பக்கம் நிழலில் நாற்காலி. இன்னொன்று எதிரணி ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கு, வெயில் படுகிற பக்கம். ஜெய்னப் நிழலில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் ஹரிணியையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு வெயில் பக்கம் போனேன். அங்கே எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். எதிரே ஆறாயிரத்து நானூறு. நுழைவாயிலில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், இப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஹரீஷ் பந்தை எடுக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் "புடி, புடி" என்று கத்தியது. போன ஜூலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அதே ஆட்கள். நவீன்குமார் இப்போது ரோஜா அணியில் ஆடுகிறார். கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு. அவர்தான் ஹரீஷைக் காலோடு சேர்த்து மடக்கிப் போட்டார். மைதானம் மொத்தமும் எண்ணியது. அஞ்சு. ஆறு. ஹரீஷ் எழுந்து, நவீனின் தோளைத் தட்டிவிட்டுப் பந்தைக் கொடுத்தார்.

"எம் பையன அப்பிடிப் போட்டு அமுக்கறானே, கட்டையில போறவன்" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் புடிச்சான்" என்றும் சொன்னார்.

ஹரிணி என் காதில் கேட்டாள். "நாம யாருக்கும்மா கை தட்டணும்?"

"ஒனக்கு யாருக்குத் தட்டணும்னு தோணுது?"

"அப்பாக்கு."

"அப்ப தட்டு."

முடிகிற நேரத்தில் ஹரீஷ் ஒரு தடவை கோட்டைத் தாண்டினார். மைதானம் கப்பென்று அடங்கியது. எங்கள் பதினோரு பேரின் கைதட்டல் எனக்கே தனித்துக் கேட்டது. அவர் எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, எங்களைத் தேடினார். முதலில் எதிர்ப்பக்கம், அந்த ஆறாயிரம் பேருக்குள் வரிசை வரிசையாகத் தேடினார். ஹரிணி "அப்பா, இங்க!" என்று கத்தின பிறகுதான் திரும்பினார்.

ரோஜா அணி இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. சென்னை பஸ் ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டது. நடுவில் முக்கால் மணி நேரம் இருந்தது. அத்தை கொண்டுவந்த சாப்பாட்டை ஹரீஷ் பஸ் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஹரிணி அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

நாளைக் காலை நாலே முக்காலுக்கு ஓசூர் பஸ். டிரிப் ஷீட் எழுதியாகிவிட்டது.